ஒரு காது மட்டும் என் மடியில

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக, உங்க போனை ஒரு நிமிஷம் தாங்க. எடுத்துட்டு ஓடிர மாட்டேன், ஓடுற பஸ்ல எங்க ஓட? சரி, என் கையில தர வேண்டாம், நீங்களே நம்பரைப் போடுங்க. அங்ஙன மணி அடிக்குதா இல்லையான்னு தெரியணும் எனக்கு, அவ்வளவுதான். சொல்லுதேன், போடுங்க... ஆங், கடைசி ரெண்டும் ஏழு.

அடிக்குதா? அடிக்குது. எடுக்க மாட்டாக, பாருங்க. எடுக்கலைல்ல? எனக்குத் தெரியும்.

யார் நம்பரா? என் நம்பர்தான். எதுக்குச் சிரிக்கீக? மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் எனக்கு அது ஒண்ணுதான். அந்தப் போன் இப்ப சங்கரன்கோயில்ல எங்க அக்கா வீட்டுல, இட்லிக் கொப்பரைக்குள்ள கிடக்கு. கூட இன்னொரு போனும் கிடக்கு. அதுவும் என்னுதுதான். இப்ப மணி என்ன, ஆறே காலா? அப்ப எட்டு மணிக்குத்தான் மூடி திறப்பாக. கோயில் நடை கூட யாராவது பெரிய மனுசன் வந்தா முன்னப்பின்ன திறக்கும். இது திறக்காது.

நான் யாருன்னு கேக்கலையே நீங்க? என் குரலைக் கேட்டிருப்பீக. மூஞ்சிதான் தெரியாது. இந்தா கேளுங்க: “வெங்காயம் வெங்காயம் வெங்காயம்! சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், உரிக்கும்போது அழுக வைக்கும், விலையைக் கேட்டா சிரிக்க வைக்கும்! வாங்கம்மா, பைய எடுத்துட்டு வாங்கம்மா!” ஆ! கேட்டிருக்கீகல்ல? கோயில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம், இந்தச் சுத்து வட்டாரத்துல லோடு ஆட்டோ ஸ்பீக்கர்ல கத்துறது பூரா நான்தான். பழைய இரும்பு நான். கோலமாவு பொம்பளைக் குரல்ல நான். எட்டாப்பு பெயிலு, ஆனா என் தொண்டை போகாத தெரு கிடையாது. போன்ல சேனல் வேற இருக்கு, குபீர் குருசாமின்னு போட்டுப் பாருங்க. இப்பப் போட வேண்டாம், சார்ஜ் தீந்துரும். அப்புறம் நான் எப்படிக் கூப்பிட?

எங்க அக்கா இசக்கி நல்லவதான். எங்க அத்தான் இருக்காரே, தளவாய் அத்தான், ரத்தம் டெஸ்ட் எடுக்கிற கடையில வேலை. ஊசி குத்திக் குத்தி அந்த மனுசனுக்குக் குரலே அப்படி ஆயிப்போச்சு. “கையை மூடிக்கோங்க... ஒண்ணுமில்ல... லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்... முடிஞ்சிருச்சு.” எதைச் சொன்னாலும் இந்தக் குரல்தான். வீட்டுல சாம்பார்ல உப்பு இல்லைன்னு சொல்றதும் இதே குரல்தான். “இசக்கி... ஒண்ணுமில்ல... லேசா உப்பு...” த்தூ. ஒரு ஆம்பளை கத்துனாத்தானே நாம திருப்பிக் கத்த முடியும்?

அந்த அத்தானும் எங்க அக்காவும் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு மீட்டிங் போனாக. பிள்ளைன்னா பவி. பவிஷ்கான்னு பேரு. அஞ்சு வயசு, யுகேஜி. மீட்டிங்ல ஒரு மேடம் வந்து பேசுனாகளாம், பிள்ளையளும் போனும்னு. எங்க அக்கா சொல்லச் சொல்ல நான் அந்தம்மா குரலைப் பிடிச்சிட்டேன், நேர்ல பாக்கவே இல்ல: “பேரன்ட்ஸ்... உங்க குழந்தை போனைக் கீழ வைக்க மாட்டேங்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடி... எல்லாரும் உங்க கையைப் பாருங்க.” எல்லாரும் கையைப் பாத்தாகளாம். எல்லார் கையிலயும் போன் இருந்துச்சாம். உடனே கை தட்டுனாகளாம். எப்படித் தட்டுனாக, போனைக் கக்கத்துல வெச்சுக்கிட்டா? கேட்டேன். அக்கா சிரிக்கல.

அன்னைக்கு ஆரம்பிச்சது சட்டம். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுல இருக்கிற போன் அம்புட்டும் இட்லிக் கொப்பரைக்குள்ள போகணும். தண்ணிக்குப் பதிலா அடியில துண்டு. எட்டு மணிக்குத்தான் மூடி திறக்கும். விருந்தாளி வந்தாலும் போடணும். நான் முதநாள் போயி, “அக்கா, மறதியா அடுப்பைப் பத்த வெச்சிராத, அப்புறம் போன் உப்பி வந்துரும், சட்னி எங்கன்னு கேப்போம்”னு சொன்னேன். அத்தான் இருக்காரே, “உங்க போன், மாப்ள... லேசா...”ன்னு கையை நீட்டுதாரு. ரத்தம் கேக்குற மாதிரி!

ரெண்டாவது சட்டம், சோறு ஊட்டும்போது போன் காட்டக் கூடாது. முன்னாடியெல்லாம் அந்தப் பிள்ளை என் வீடியோ பாத்துத்தான் சாப்பிடும் அண்ணாச்சி. நான் குரங்காக் கத்துனா ஒரு வாய், வெங்காய ஆட்டோன்னா ஒரு வாய், பத்து நிமிஷத்துல ரெண்டு இட்லி உள்ள போயிரும். இப்ப முக்கால் மணி நேரம் ஆகுது. என்ன செய்தாகன்னு பாத்தேன். ஒண்ணுமே செய்யல! சும்மா பிள்ளை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக, ரெண்டு பேரும். டிவி கிடையாது, பாட்டு கிடையாது. மூஞ்சியில என்ன படமா ஓடுது?

மூணாவது சட்டம்தான் உச்சம். பிள்ளையைப் படம் எடுக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைகிட்டக் கேக்கணுமாம். அந்த மேடம் சொல்லியிருக்கு. அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட! முத்திரைத்தாள்ல எழுதி வாங்கணுமா, ரெண்டு சாட்சி வேணுமான்னு கேட்டேன். எங்க அக்கா ஒரு பார்வை பாத்தா. அந்தச் சட்டம் எனக்காகவே போட்ட மாதிரி ஒரு பார்வை.

ஏன்னா கேக்கீக? சொல்லுதேன். ஒரு பல்லி விசயம். சொன்னா நீங்களே சிரிப்பீக.

போன தீபாவளிக்குப் போயிருந்தேன். செவத்துல வாலு இல்லாத பல்லி ஒண்ணு. பவி அதைப் பாத்துட்டு ஓடி வாரா. அவளுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். ஒண்ணை நாலாச் சொல்லுவா. “மா-மா-மாமா, ப-ப-ப-பல்லிக்கு வா-வாலு எங்க மாமா?” எங்க அக்கா பிள்ளை கூப்பிட்டா ஒரு மாமாவுக்கு மூணு மாமா கிடைக்கும் எனக்கு. நான் போனைத் திருப்பி வெச்சுக்கிட்டு, செவத்துப் பல்லியைப் பாத்துக்கிட்டு அவ முன்னால, நான் பின்னால. அவ சொல்லச் சொல்ல நானும் வாயைக் கோணி அதே மாதிரி. அவளுக்குத் தெரியாது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. போட்டேன். ராத்திரி தூங்கி எந்திரிக்கேன், ரெண்டு லட்சம். பொங்கலுக்குள்ள பன்னெண்டு லட்சம் பேரு! பதினஞ்சு வருசமா தொண்டை கிழிய வெங்காயம் விக்கேன், ஒரு ஆயிரம் பேரு பாத்ததில்ல. அந்த வீடியோ மேல அம்புட்டுப் பிரியம் எனக்கு. என் போன் ரிங்டோனே அதுதான். யாரு கூப்பிட்டாலும் “ப-ப-ப-பல்லி மா-மா-மாமா”ன்னு பவிதான் கூப்பிடுவா.

பெருமைதான அண்ணாச்சி? பள்ளிக்கூட வேன் டிரைவரு, “ஏட்டி ப-ப-பல்லி, ஏறு”ன்னு கூப்பிடுவானாம். கடலைமிட்டாய்க் கடைக்காரரு, “ப-ப-பத்து ரூவாயா”ன்னு கேப்பாராம். வகுப்புல பிள்ளையளெல்லாம் கூடிக் கூடிச் சொல்லுமாம். ஒரு பிள்ளையை ஊரே தெரிஞ்சு வெச்சிருக்கு! நமக்கெல்லாம் அஞ்சு வயசுல யாரு தெரிஞ்சு வெச்சிருந்தா?

அப்புறம் என்ன, பொங்கல் கழிச்சு பிள்ளை பேச மாட்டேங்குதுன்னு ஒரே புலம்பல். வீட்டுக்குள்ள ஒண்ணு ரெண்டு வார்த்தை பேசுமாம், வெளியாளைக் கண்டா வாயைத் தொறக்காதாம், கையைக் காட்டுமாம். தண்ணின்னா சொம்பைக் காட்டும். பாத்ரூம்னா கதவைக் காட்டும். நான் போனாலும் அப்படித்தான். நான் வெளியாளா? எல்லாம் செல்லம் குடுத்துக் கெடுத்தது. பேச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாக, அவரு சொன்னாராம், பிள்ளை சொல்லி முடிக்கிற வரைக்கும் மூஞ்சியைப் பாத்துக் காத்திருங்கன்னு. அதுக்கு எதுக்கு ஒரு டாக்டர்? பஸ்ஸுக்குக்கூடத்தான் காத்திருக்கோம்.

அத்தான் என்கிட்ட வந்தாரு. “மாப்ள... அந்த வீடியோ... லேசா அழிச்சிருங்க.” பன்னெண்டு லட்சத்தை லேசா அழிக்கணுமாம்! சரி அத்தான்னு சொன்னேன். அழிக்கல. சொல்லுறது வேற.

இன்னொரு வாட்டி போடுங்க அண்ணாச்சி. திருவேங்கடம் வந்துட்டுன்னா சிக்னல் கிடைக்காது... அடிக்குதா? எடுக்க மாட்டாக. சத்தத்தைக் குறைச்சுத்தான் கொப்பரைக்குள்ள போடணும்னு சட்டம். நான் குறைக்கல. நானே சத்தம் விக்கிறவன்.

இன்னைக்குக் காலையில பவிக்குக் காது குத்து. அவுக சாஸ்தா கோயில்ல. போன வாரம் அக்கா என் வீட்டுக்கு வந்தா. தட்டுல வெத்திலை பாக்கு வெச்சு முறையா அழைச்சா. நான் சும்மா விடுவனா? “போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே, எதுக்குப் பஸ் செலவு”ன்னு கேட்டேன். அவ சொல்லுதா, “எலேய், நீ வராம எம் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. உன் போன் வராம குத்தலாம்.” எப்படி இருக்கு? தாய்மாமனை அழைக்கிற அழகா இது? ஆனா மடி என்னுதுல்ல. தாய்மாமன் மடி இல்லாம ஆசாரி ஊசியைத் தொடுவாரா? அந்தத் திமிர்ல சரின்னேன்.

பத்துத் தட்டு சீர் கொண்டு போனேன் அண்ணாச்சி. தங்கத் தோடு, பட்டுப்பாவாடை, பழம், பூந்தி. அங்ஙன போனா, என் பத்துத் தட்டுக்கு முன்னால, சாஸ்தாவுக்குக் காவல் மாதிரி உக்காந்திருக்கு இட்லிக் கொப்பரை! கோயிலுக்கே தூக்கிட்டு வந்துட்டாக. வந்த சனமெல்லாம் சிரிச்சுக்கிட்டே வரிசையில வந்து போனைப் போடுது. எங்க பெரியப்பா மகன், மந்திரி மாதிரி ரெண்டு கையிலயும் போன் வெச்சுப் பேசுறவன், அவனும் போட்டுட்டுப் பூனை மாதிரி உக்காந்திருக்கான். அப்புறம் என்ன செய்யன்னு தெரியாம ஒருத்தருக்கொருத்தர் பேச ஆரம்பிச்சுட்டாக. இதுல எங்க அக்காவுக்கு ஒரு பூரிப்பு வேற.

நானும் போட்டேன். எல்லாரும் பாக்க, தூக்கிக் காட்டி, போட்டேன். இன்னொண்ணு சட்டைப் பையில இருந்துச்சு. வெங்காயக் குரல் பதியுற போன். முன்பக்கக் கேமராக் கண்ணு மட்டும் பைக்கு வெளியில தெரியுற மாதிரி வெச்சு, ஓட விட்டுட்டேன். தப்பா? தாய்மாமன் மடியில காது குத்து, நாளைக்கு அதுதான ஞாபகம்? நம்ம கண்ணுல பாத்ததை எவன் பத்திரமா வெச்சிருக்கான்?

பவி வந்து உக்காந்தா. நாலு மாசம் ஆச்சு என் மடியில உக்காந்து. கொஞ்சம் கனம் கூடியிருந்தா. தலையில எண்ணெய் வாசம். ஆசாரி மஞ்சளைத் தொட்டுப் பொட்டு வெச்சாரு. பிள்ளை அழுகல. என் பெருவிரலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா, நல்லா இறுக்கி. ஆசாரி வலது காதுல குத்துனாரு. கண்ணு கலங்குச்சு, சத்தம் இல்ல. எல்லாரும் “ஆங், ஆங், முடிஞ்சது”ன்னு சொல்லுதாக. அந்த நேரம் பாத்து எனக்கு ஒரு யோசனை. முகம் சரியா விழுதா இல்லையா, பைக்குள்ள இருந்து எப்படித் தெரியும்? அவ பிடிச்சிருந்த விரலை உருவிட்டு, போனை ஒரு அளவு, இம்புட்டுத்தான், இந்தப் பக்கமாத் திருப்புனேன்.

பிள்ளை திரும்பிப் பாத்துட்டா.

என் பையில கையை விட்டுப் போனை எடுத்தா. அதுல அவ மூஞ்சி தெரியுது, கண்ணு கலங்குன மூஞ்சி. இறங்குனா. ஒரு காதுல மஞ்சளும் ரத்தமும், இன்னொரு காது சும்மா. நூறு பேருக்கு நடுவுல நடந்து போயி, கொப்பரை மூடியைத் தூக்கி, உள்ள வெச்சு, மூடியைச் சரியா மூடிட்டு, போயி எங்க அத்தான் மடியில உக்காந்துக்கிட்டா! இடது காதைத் திருப்பி ஆசாரிக்குக் காட்டுதா.

நான் விடுவனா? “இது என்ன முறை? ஒரு காது மாமன் மடி, ஒரு காது அப்பன் மடி, உலகத்துல எங்கயாவது உண்டா”ன்னு குதிச்சேன். ஆசாரி ஊசியோட முழிக்காரு. எங்க பெரியப்பா எந்திரிச்சுட்டாரு. எங்க அத்தான் அந்தக் குரல்ல, “மாப்ள... ஒண்ணுமில்ல... எங்க உக்காரணும்னு அவகிட்டயே கேட்டுருவோம்”ங்காரு. கேட்டாரு.

அது வாயைத் தொறந்துச்சு. நூறு பேருக்கு முன்னால. என்னைப் பாத்து, மாமா எங்கிட்டக் கேக்கவே இல்லைன்னு சொல்லுச்சு. திக்கித் திக்கி, ரொம்ப நேரம் ஆச்சு சொல்லி முடிக்க. ஒருத்தரும் சிரிக்கல. ஒருத்தரும் எடுத்துக் குடுக்கல. எங்க பெரியப்பா மகன்கூட மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கான், காத்துக்கிட்டு. சொல்லி முடிச்ச உடனே எங்க அக்கா அழுதா பாருங்க. சந்தோசமாம். பிள்ளை பேசிட்டாளாம். என்னைக் குத்தஞ்சொல்லிப் பேசுனதுல சந்தோசம்!

அப்பன் மடியிலயே இடது காதையும் குத்துனாக. நான் துண்டை உதறிட்டு வெளிய வந்துட்டேன்.

தாய்மாமன் கோவிச்சுட்டு வெளிய போனா, பின்னாலயே நாலு பேரு ஓடி வரணும் அண்ணாச்சி. வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ளன்னு கையைப் பிடிச்சு இழுக்கணும். அதுதான் முறை. நான் மெதுவாத்தான் நடந்தேன். பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்தேன். ஒரு டீ குடிச்சேன். ரெண்டு டீ. நாலு பஸ்ஸை விட்டேன். ஆறு மணி வரைக்கும் ஒரு நாய் வரல. அப்புறம்தான் ஒரேயடியா உறைக்குது: என்னைத் தேடிப் போன் போட்டிருப்பாக. பத்து வாட்டி போட்டிருப்பாக! என் போன்தான் அவுக கொப்பரைக்குள்ளயே கிடக்கே. அதுக்குத்தான் கூப்பிட்டுப் பாக்கேன். எடுத்து, “தம்பி, எங்க இருக்க”ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். திருவேங்கடத்துல இறங்கித் திரும்பிருவேன். அது தாண்டிப் போச்சுன்னா, சரி, கழுகுமலையில இறங்குவேன்.

போடுங்க, கடைசியா ஒரு வாட்டி. மணி ஏழுதான் ஆகுது. ஆனாலும் போடுங்க.

என்னது? கட் ஆயிட்டா? தானா நின்னுச்சா, யாரும் கட் பண்ணுனாகளா? கட் பண்ணுனாகளா! ஆகா! பாத்தீகளா, பாத்தீகளா! ஏழு மணிக்கே மூடியைத் தொறந்துட்டாக! ஊருக்கெல்லாம் சட்டம், எட்டு மணி, துண்டு, கொப்பரைன்னு. ஒரு மணி நேரம் தாங்கல! “பேரன்ட்ஸ்... உங்க கையைப் பாருங்க!” ஹஹ! அந்த மேடம் இருந்திருக்கணும். என்ன அவசரம் வந்துச்சு, மூடியைத் தொறக்குற அளவுக்கு?

என்ன? என்ன சொன்னீக?

...ஆமா. அதுதான் ரிங்டோன். பல்லிதான்.

மூணு வாட்டி போட்டோம் இல்ல? மூணா, நாலா? சோறு ஊட்டுற நேரம். அங்ஙன டிவி கிடையாது, ஒண்ணு கிடையாது. கொப்பரை பித்தளை. உள்ள இருந்து கத்துனா மணி மாதிரிக் கேக்கும்.

உங்க போனை வெச்சுக்கிடுங்க. போட வேண்டாம். போட வேண்டாம்னு சொல்லுதேன்ல.

அதுக்குப்பிறகு என்ன, ஒண்ணுமில்ல. பிள்ளை கோயில்ல எப்படிச் சொல்லுச்சுன்னா கேக்கீக? அதைச் செஞ்சு காட்டணுமா? அதுக்கென்ன, நம்ம தொழிலே அதுதான். இந்தா... மா...

மா...

வரல அண்ணாச்சி. தொண்டை கட்டியிருக்கு. பகல் பூரா டீயாக் குடிச்சா? வேற யாரையாச்சும் கேளுங்க. கண்டக்டரைச் செஞ்சு காட்டவா? “சில்லறை சில்லறை, படியில நிக்காத, உள்ள போ, உள்ள என்ன பாம்பா இருக்கு?” சிரிக்கீகல்ல? அது வருது. அது நல்லா வருது.

இறங்கப் போறீகளா, கழுகுமலையா? நான் கோயில்பட்டிக்கே போறேன். ஒரு நிமிஷம் நில்லுங்க. எட்டு மணிக்கு முறைப்படி மூடி திறந்த உடனே எங்க அக்கா இந்த நம்பருக்குக் கூப்பிடுவா, யாரு என்னன்னு. உங்களுக்குத்தான் வரும். குருசாமி பஸ்ல போயிட்டான்னு சொல்லுங்க. போனோட பூட்டு நம்பர் பவி பொறந்த தேதின்னு சொல்லுங்க. அந்தப் பல்லியை... அதை என்ன செய்யணும்னு பவிகிட்டக் கேக்கச் சொல்லுங்க. அழிக்கச் சொன்னா அழிக்கட்டும். சொல்லி முடிக்க நேரமாகும், அவசரப்படக் கூடாதுன்னு... அது அவளுக்கே தெரியும், விடுங்க.

பன்னெண்டு லட்சம் அண்ணாச்சி. ம். படி பாத்து இறங்குங்க.

எட்டு மணிக்கு மறந்துராதீக! போன் சத்தத்தைக் குறைச்சு வெச்சிராதீக!